குவாந்தோவா, குவாந்த்தோவா? ஸ்பானிஷ் சப்போர்ட் அழைப்புக்கான வாக்கியங்கள்

மெக்சிகோ வாடிக்கையாளர் ஒருவர் இன்டர்நெட் வரவில்லை என்று கூப்பிடுகிறார். இந்த ஒரு அழைப்பைத் தடுமாறாமல் முடிக்க சில வாக்கியங்கள் போதும். ஆனால் தமிழ் நாக்கு சறுக்கும் இடத்தை முதலில் சரிசெய்ய வேண்டும். அதைப் பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை.

மெல்லினத்துக்குப் பின் வரும் வல்லினத்தை நாம் தானாகவே மென்மையாக்கிவிடுவோம். 'பந்து', 'சங்கு' எல்லாம் அப்படித்தான். ஸ்பானிஷில் அது பொருளையே மாற்றும். 'குவாந்தோ பகோ?' என்றால் எப்போது கட்டினீர்கள், 'குவாந்த்தோ பகோ?' என்றால் எவ்வளவு கட்டினீர்கள். பில் பற்றிய அழைப்பில் தொகையைக் கேட்டால் தேதி வரும். 'த்ரெய்ந்த்தா செகூந்தோஸ்' (முப்பது வினாடி) நல்ல பயிற்சி: முதல் சொல்லில் 'த' அழுத்தம், இரண்டாவதில் மென்மை. ஐந்து 'சின்க்கோ', 'சிங்கோ' அல்ல. உயிரெழுத்துகளுக்கு நடுவில் வரும் மென்மையான 'த' மட்டும் நமக்கு இலவசம்: 'ப்புவேதே' (முடியும்) என்பதன் கடைசி 'தே' நம் 'அது'வில் வரும் ஒலிதான்.

அடுத்தது மரியாதை. வாடிக்கையாளரிடம் 'உஸ்தெத்', அதாவது நம் 'நீங்கள்'. நமக்கு விகுதியே காட்டிக்கொடுக்கும். அங்கே கட்டளைச் சொல்லின் கடைசி உயிரெழுத்து ஒன்றில்தான் மரியாதை இருக்கிறது. 'ரெய்னீசியா' என்றால் ரீஸ்டார்ட் பண்ணு, 'ரெய்னீசியே' என்றால் பண்ணுங்கள். அப்பாகா–அப்பாகே (அணை), எஸ்பேரா–எஸ்பேரே (காத்திரு) இதே வகை. 'ஆர்' என முடியும் வினைகளுக்கு 'ஏ'. 'ஏர்', 'ஈர்' என முடிபவற்றுக்கு நேர்மாறாக 'ஆ': எஸ்க்ரீபா (எழுதுங்கள்), ஆப்ரா (திறங்கள்). கிளிக் பண்ணச் சொல்ல 'ஆகா க்ளிக்'. நம் 'ஆஹா' போலக் கேட்கும், மறக்காது.

இனி அழைப்பு. பெயர் கேட்க 'கோன் கியென் தெங்கோ எல் கூஸ்தோ?'. பிரச்சினை எப்போதிலிருந்து என்று கேட்க 'தெஸ்தே குவாந்தோ தியேனே லா ஃபாயா?'. மோடத்தைத் தொடச் சொல்லும் முன் கேட்க வேண்டியது: 'மே யாமா தெல் செலுலார்?' (செல்போனிலிருந்தா பேசுகிறீர்கள்?). வீட்டு லைன் அதே மோடத்தில் இருந்தால், கரன்ட்டைப் பிடுங்கிய நொடியில் அழைப்பு போய்விடும். திரும்பக் கூப்பிட ஒரு நம்பரும் வாங்கி வையுங்கள்.

பிறகு 'தெஸ்கொனெக்தே எல் காப்ளே தெ கொர்ரியேந்த்தே' (கரன்ட் கேபிளைக் கழற்றுங்கள்). கடைசிச் சொல் கட்டாயம். வெறும் 'காப்ளே' என்றால் பாதிப் பேர் நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிடுவார்கள். முப்பது வினாடி கழித்து 'கொனெக்தேலோ', மாட்டச் சொல்லுங்கள். விளக்குகள் நிலைக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகலாம். அப்புறம் 'லா லூஸ் எஸ்தா ஃபீஹா ஓ பர்ப்பதேயா?', விளக்கு நிலையாக எரிகிறதா, சிமிட்டுகிறதா. திரையில் என்ன தெரிகிறது: 'கே லே அப்பரேசே என் லா பாந்த்தாயா?'

இடையில் மௌனம் கூடாது. 'பெர்மீத்தமே ஊன் மொமேந்த்தோ' (ஒரு நிமிடம் அனுமதியுங்கள்), திரும்பி வந்ததும் 'க்ராசியாஸ் போர் எஸ்பெரார்' (காத்திருந்ததற்கு நன்றி). அவர் 'மாந்தே?' என்றால் எதையோ அனுப்பச் சொல்வதாக நினைக்காதீர்கள். மெக்சிகோவில் அது 'என்ன சொன்னீங்க?'. 'அஓரீத்தா' என்றால் இப்போதே என்று அகராதி சொல்லும். பேச்சில் அது பத்து நிமிடமாகவும் இருக்கலாம், நம்ம ஊர் 'இதோ வந்துட்டேன்' மாதிரி.

மின்னஞ்சல் முகவரி வாங்குவதுதான் பெரும் தலைவலி. 'பி' (B), 'வி' (V) இரண்டும் அவர்களுக்கு ஒரே ஒலி. அதனால் 'பே க்ராந்தே' (பெரியது, பி), 'பே சீக்கா' (சின்னது, வி) என்று கேட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். அட் குறி 'அர்ரோபா', புள்ளி 'புந்த்தோ', அடிக்கோடு 'கியோன் பாஹோ'. எண்களில் அறுபதும் எழுபதும் குழப்பும்: செசேந்த்தா, செத்தேந்த்தா. சந்தேகம் வந்தால் இலக்கம் இலக்கமாகக் கேளுங்கள்: ஆறு 'செய்ஸ்', ஏழு 'சியேத்தே'.

சில சொற்கள் நாட்டுக்கு நாடு மாறும். மெக்சிகோவில் கணினி 'கொம்புத்தாதோரா', ஸ்பெயினில் 'ஒர்தெனாதோர்'. ஆன் பண்ண ஸ்பெயினில் 'என்சியேந்தா', மெக்சிகோவில் பெரும்பாலும் 'ப்ரேந்தா'. ஸ்பெயின் பாடத்தில் படித்தவர்கள் 'கொஹேர்' (எடுக்க) என்ற வினையை மெக்சிகோ, அர்ஜென்டினா வாடிக்கையாளர்களிடம் மறந்தும் சொல்லக்கூடாது. அங்கே அது கொச்சை. 'தோமார்' பாதுகாப்பு. 'சொப்போர்த்தே தெக்னிகோ' என்றால் தொழில்நுட்ப உதவிதான், ஆனால் 'சொப்போர்த்தார்' என்ற வினைக்குப் பொறுத்துக்கொள்வது என்று பொருள். 'உங்களை சப்போர்ட் பண்றேன்' என்று அப்படியே பெயர்த்தால் 'உங்களைச் சகித்துக்கொள்கிறேன்' என்றாகிவிடும். உதவிக்கு 'அயுதார்': 'லே ப்புவேதோ அயுதார் என் ஆல்கோ மாஸ்?' (வேறு ஏதாவது உதவட்டுமா?). இதற்கு அவர் 'நோ, க்ராசியாஸ்' என்றால் டிக்கெட்டை (புகார்ப் பதிவை) மூடலாம்.