லெவல் புக்கில் அழிரப்பர் கிடையாது

கிண்டி பொறியியல் கல்லூரியின் சிவப்புக் கட்டடம் என்றதும் பலருக்கு மரநிழலும் கேன்டீனும் நினைவுக்கு வரும். சிவில் படித்தவர்களுக்கு, நிலமட்டங்களை அளந்து குறிக்கும் நோட்டான லெவல் புக்கும் சேர்ந்து வரும். 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கல்லூரி அது. சர்வேதான் அங்கே மூத்த பாடம். லெவல் புக்குக்கு உள்ள முதல் சட்டம், அதில் அழிரப்பர் படக் கூடாது என்பது. தப்பாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு அடிக்க வேண்டும், சரியானதை மேலே எழுத வேண்டும். அடித்த எண் படிக்கும்படி இருக்க வேண்டும்.

காரணம் இருக்கிறது. லெவல் கருவியை ஒரு இடத்தில் நிறுத்தி, ஸ்டாஃப் என்ற அளவுகோலில் முதலில் படிப்பது பேக்சைட், கடைசியாகப் படிப்பது ஃபோர்சைட். ஆர்.எல். என்பது ஒரு புள்ளியின் உயரம். பேக்சைட்டுகளின் கூட்டுத்தொகையிலிருந்து ஃபோர்சைட்டுகளின் கூட்டுத்தொகையைக் கழித்தால் கடைசி ஆர்.எல்.லுக்கும் முதல் ஆர்.எல்.லுக்கும் உள்ள வித்தியாசம் வரும். வந்துவிட்டால் கூட்டல் கழித்தல் சரி, அவ்வளவுதான். ஸ்டாஃபில் 1.435 இருக்க 1.345 என்று எழுதியவனுக்கும் அந்தக் கணக்கு அப்படியே பொருந்திவரும். விட்டுப்போன 9 சென்டிமீட்டரைத் தேடிப் பிடிக்க வேண்டுமானால் அடித்துத் திருத்திய தடம் வேண்டும், ஸ்டாஃப் எந்தக் கல்லின்மேல் நின்றது என்று குறிப்புக் கட்டத்தில் எழுதியிருக்கவும் வேண்டும்.

ஒரு பொறியாளர் எழுதும் கடிதம், ரிப்போர்ட், சைட் ஆர்டர் எல்லாவற்றுக்கும் இதே அளவுகோல்தான். இடத்தைப் பார்க்காத ஒருவர், நம்மைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்காமல், படித்தே வேலையைச் செய்துவிட வேண்டும். எண்களை எழுதும்போது இதைக் காப்பாற்றிய நம்மில் பலர், வாக்கியம் எழுத ஆரம்பித்ததும் கைவிட்டுவிடுகிறோம் என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

சைட்டில் தினமும் புழங்கும் ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்: "ஸ்லாப் சென்ட்ரிங் 7 நாளில் பிரிக்கலாம்." கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் சென்ட்ரிங் என்றால் ஸ்லாபின் அடியில் ஒட்டியிருக்கும் ஷீட்டா, அதைத் தாங்கி நிற்கும் முட்டா? கான்கிரீட்டுக்கான இந்திய விதிநூல் ஐ.எஸ். 456:2000 இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கிறது. சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட் என்றால், ஸ்லாபின் அடி ஷீட்டை 3 நாளில் எடுக்கலாம். எடுத்த கையோடு முட்டுகளைத் திரும்ப நிறுத்திவிட வேண்டும். முட்டுகளையே எடுப்பதற்கு 4.5 மீட்டர் வரையுள்ள ஸ்பானுக்கு (தாங்கிகளுக்கு இடையே உள்ள தூரம்) 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீம் முட்டுகளுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21. அந்த ஒரு வரியில் எந்தத் தளம், எந்த ஸ்பான், எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பது எதுவுமே இல்லை. 5 மீட்டர் ஸ்லாபின் முட்டுகளை எட்டாம் நாள் தட்டிவிட்ட மேஸ்திரியைக் குறை சொல்ல முடியாது. அவர் கையில் இருந்த தாள் அப்படித்தான் சொன்னது.

இப்படி எழுதலாம்: "2ஆம் தளம், பி–சி, 3–4 பேனல், ஸ்பான் 4.2 மீட்டர். கான்கிரீட் மார்ச் 3 மாலை முடிந்தது. ஸ்லாப் முட்டுகளை மார்ச் 11 காலை வரை தொடக் கூடாது. சுற்றியுள்ள பீம் முட்டுகளை (ஸ்பான் 5.4 மீட்டர்) மார்ச் 18 காலை வரை தொடக் கூடாது." (பி, சி, 3, 4 என்பவை வரைபடத்தின் கட்டக் கோடுகள்.) நான்கு வரிதான், அலங்காரம் எதுவும் இல்லை.

சென்னையில் இதற்கு இன்னொரு அவசியமும் இருக்கிறது. கன்சல்டன்ட் ஆங்கிலத்தில் எழுதுகிறார், சைட் இன்ஜினியர் தமிழில் மேஸ்திரியிடம் சொல்கிறார், கம்பி கட்டுபவருக்கு அது இந்தியிலோ ஒடியாவிலோ போய்ச் சேர்கிறது. "போதிய கவர் வைக்கவும்" (கவர் என்பது கம்பியை மூடும் கான்கிரீட்டின் தடிமன்) என்ற வரி மூன்று மொழி தாண்டுவதற்குள் கரைந்துவிடும். "45 மி.மீ. கவர் பிளாக்" என்று எழுதினால் கரையாது. பக்கத்தில் கையால் ஒரு படமும் வரைந்துவிட்டால் மொழியே வேண்டாம்.

மீட்டிங் குறிப்பில் "முடிவெடுக்கப்பட்டது" என்று எழுதுவதை நிறுத்தலாம். யார் எடுத்தார், யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்பதை வரிக்கு வரி எழுதி, அன்றைக்கே அனுப்பிவிட வேண்டும்.

முக்கியமானதை எங்கே வைக்கிறோம் என்பதும் எழுத்துதான். 2003 ஜனவரியில் கொலம்பியா விண்ணோடம் கிளம்பியபோது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு இடது இறக்கையில் மோதியது. விண்ணோடம் மேலே சுற்றிக்கொண்டிருந்தபோதே அந்த மோதலால் ஆபத்து உண்டா என்று பொறியாளர்கள் ஸ்லைடு தயாரித்து விளக்கினார்கள். சோதனை முடிவுகள் பாதுகாப்பான பக்கமே இருக்கின்றன என்ற தொனியில் தலைப்பு. அடிமட்டத்தில், சின்ன எழுத்தில், துண்டின் அளவு 1920 கன அங்குலம் என்றும் சோதனையில் பயன்பட்டது 3 கன அங்குலம் என்றும் ஒரு வரி. அதாவது 640 மடங்கு. "சிக்னிஃபிகன்ட்" (குறிப்பிடத்தக்க) என்ற சொல் அதே ஸ்லைடில் ஐந்து இடத்தில் வருகிறது, இடத்துக்கு இடம் பொருள் மாறுகிறது. பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் விண்ணோடம் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள். அந்த ஸ்லைடைப் பற்றி விசாரணைக் குழு தன் அறிக்கையிலேயே எழுதியது. 640 மடங்கு என்பதுதான் தலைப்பாக இருந்திருக்க வேண்டும். நம் கடிதங்களிலும் முதல் வரியில் என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று வரட்டும். காரணமும் கணக்கும் அதன் கீழே.

வெளிநாட்டிலிருந்து சென்னை டிசைன் ஆபீசுக்கு மெயில் அனுப்பும் நம்மவர்களுக்கு இரண்டு விஷயம். அமெரிக்காவில் 03/04 என்றால் மார்ச் 4, சென்னையில் ஏப்ரல் 3. மாதத்தை எழுத்தால் எழுதுங்கள். அங்கே சாயங்காலம் அனுப்பிய மெயிலில் ஒரு சந்தேகம் இருந்தால், கேட்டுப் பதில் வாங்க முழுதாக ஒரு நாள் போய்விடும். அடுத்தது கான்கிரீட். நம் எம்30 கான்கிரீட்டில் 30 என்பது 150 மி.மீ. கியூபை உடைத்துப் பார்த்த வலிமை, மெகாபாஸ்கலில். அமெரிக்காவில் சிலிண்டரை உடைத்துப் பார்க்கிறார்கள். அதே கான்கிரீட் சிலிண்டரில் ஏறத்தாழ 24 மெகாபாஸ்கல்தான் காட்டும். "30 மெகாபாஸ்கல்" என்று மட்டும் எழுதி அனுப்பினால் இரண்டு ஆபீசும் அவரவர் வழக்கப்படி எடுத்துக்கொள்ளும், இரண்டு பக்கமும் கணக்கு பொருந்தும். எண்ணுக்குப் பக்கத்தில் கியூப் வலிமையா, சிலிண்டர் வலிமையா என்று எழுதிவிடுங்கள்.