கேமெம்லீக் காட்டாத லீக்

சர்வரில் மெமரி நாளுக்கு நாள் கரைந்துகொண்டே போனது. டாப் கட்டளையில் எந்த ப்ராசஸும் பெரிதாக எடுத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. சர்வீஸ்களை ஒவ்வொன்றாக நிறுத்தியும் போனது திரும்பவில்லை. சரி, இயங்குதளத்தின் மையமான கர்னல்தான் என்று, மெமரிக் கணக்கைக் காட்டும் லினக்ஸின் மெம்இன்ஃபோ ஃபைலைத் திறந்தேன்.

அதில் ஃப்ரீ எண்ணை வைத்துப் பயப்படுவதில் அர்த்தமில்லை. காலி இடத்தையெல்லாம், படித்த ஃபைல்களை வைத்திருக்கும் பேஜ் கேஷ் பிடித்துக்கொள்ளும், வேண்டும்போது விட்டுவிடும். நான் பார்த்தது ஸ்லாப் கணக்கு, அதாவது கர்னல் தன் சொந்த வேலைக்குச் சிறு துண்டுகளாக எடுத்த மெமரி. அதில் எஸ்ரீக்ளெய்மபிள் ஏறினால் பெரும்பாலும் ஃபைல்களின் பெயரையும் விவரத்தையும் நினைவில் வைக்கும் டென்ட்ரி, ஐநோடு கேஷ்கள்தான். நெருக்கடி வந்தால் கர்னலே திரும்ப எடுத்துக்கொள்ளும். இங்கே ஏறியது எஸ்அன்ரீக்ளெய்ம், அப்படித் திரும்ப எடுக்க முடியாதது. ஏறியது இறங்கவேயில்லை.

எந்த ஸ்லாப் கேஷ் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று காட்டும் ஸ்லாப்டாப் ஓட்டினால், 256 பைட் துண்டுகளின் கேஷான கேமல்லாக்-256 முதலிடத்தில். இந்தப் பெயரை மட்டும் நம்ப முடியாது. ஒரே அளவுள்ள கேஷ்களை, இந்தத் துண்டுகளைப் பங்கிட்டுத் தரும் ஸ்லப் அலொகேட்டர் ஒன்றாகச் சேர்த்துவிடும். வேறொருவர் பாவம் இந்தப் பெயரில் எழுதப்படலாம். அப்படிச் சேர்ப்பதைத் தடுக்கும் ஸ்லாப்_நோமெர்ஜ் கொடுத்து ரீபூட் செய்தேன். பிரித்த பிறகும் வளர்ந்தது அதேதான்.

அப்புறம் கேமெம்லீக், கர்னலில் திருப்பித் தராமல் விட்ட மெமரியைத் தேடும் கருவி. அதற்கென்று கட்டமைத்த கர்னல் வேண்டும், வேகமும் குறையும், ஆகவே சோதனை மெஷினில் போட்டேன். ஸ்கேன் செய்யச் சொன்னேன். ஒன்றுமில்லை. மறுபடி ஸ்கேன். மறுபடியும் ஒன்றுமில்லை. கேஷோ வளர்ந்துகொண்டே இருந்தது.

அந்த மௌனமே ஒரு துப்புதான். ஒரு மெமரித் துண்டைச் சுட்டும் பாயின்டர் எங்குமே இல்லையென்றால்தான் கேமெம்லீக் அதை அநாதை என்று சொல்லும். பாயின்டர் இருக்கிறது, ஆனால் அந்தத் துண்டு இனி யாருக்கும் வேண்டாம் என்ற நிலை அதன் கண்ணில் படாது. அப்படியானால் எங்கோ ஒரு லிஸ்ட் நீண்டுகொண்டே போகிறது.

யார் வாங்கினார்கள் என்று தெரிய, அந்த ஒரு கேஷுக்கு மட்டும் ஸ்லப்_டீபக் என்ற பூட் அமைப்பில், வாங்கியவரைப் பதிவுசெய்யும் யு கொடியை வைத்து பூட் செய்தேன். எல்லாக் கேஷுக்கும் வைத்தால் மெஷின் திணறும். கர்னல் தன் உள்விவரங்களை ஃபைல்களாகக் காட்டும் டீபக்எஃப்எஸ்ஸில் அந்த கேஷின் அலாக்_டிரேசஸ் ஃபைல், வாங்கிய ஃபங்ஷனின் பெயரையும் எத்தனை துண்டுகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன என்பதையும் வரிவரியாகக் காட்டும். கூடவே ஏஜ் என்று மூன்று எண்கள்: குறைந்தது, சராசரி, அதிகம். முதல் வரியில் இருந்தது ஒரு நெட்வொர்க் டிரைவர் மாட்யூலின் ஃபங்ஷன். குறைந்த வயது சிறியது, அதிக வயது கிட்டத்தட்ட பூட் ஆன நேரம் வரை. புதிதாகவும் வாங்குகிறது, பழையதையும் விடவில்லை.

சோர்ஸைப் படித்தபோது விஷயம் தெளிவானது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு பதிவு லிஸ்டில் சேர்கிறது. பதில் வந்தால் எடுத்து கேஃப்ரீ செய்கிறார்கள், அதாவது மெமரியைத் திருப்பித் தருகிறார்கள். டைம்அவுட் ஆனால் பிழை எண்ணைத் திருப்பிவிட்டுப் போய்விடுகிறார்கள், பதிவு அங்கேயே கிடக்கிறது. மாட்யூலை இறக்கும்போது மட்டும் லிஸ்ட் முழுவதையும் சுத்தம் செய்கிறார்கள். ஏற்றி இறக்கிச் சோதித்தவர்களுக்கு எல்லாம் சரியாகத் தெரிந்திருக்கும்!

உறுதி செய்ய, மறுமுனையிலிருந்து பதில் வராதபடி தடுத்தேன். எண்ணிக்கை விறுவிறுவென ஏறியது. டைம்அவுட் பாதையிலும் லாக்கைப் பிடித்து, பதிவை லிஸ்டிலிருந்து எடுத்து, கேஃப்ரீ சேர்த்தேன். தாமதமாக வரும் பதில் அதே பதிவைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்தத் திருத்தத்தில் அதிக நேரம் தின்றது. பிறகு அதே தடையோடு ஓட்டினேன். எண்ணிக்கை ஏறியது, டைம்அவுட் கடந்ததும் இறங்கியது.