ரோனியோ நோட்ஸில கிடந்த ஜாடி

மலர்க்குழுத் தம்பி "அண்ணை, ஏதாவது பள்ளிக்கூட ஞாபகம் எழுதித் தாங்கோ" எண்டு வட்ஸப்பில கேட்டுக் கேட்டுக் களைச்சுப்போனார். எனக்குக் கிரிக்கெட் மாட்ச் கதை ஒண்டும் இல்லை, ஏஎல்லில கிரேக்க உரோம நாகரிகம் எடுத்த அஞ்சு பேரில நான் ஒராள், அதால சட்டிபானைக் கதைதான்.

மாஸ்டர் தந்தது ரோனியோ நோட்ஸ், ஸ்டென்சில் வெட்டி மையுருட்டி எடுக்கிற பிரதி. அதில எக்சேக்கியாஸ் எண்ட பழைய கிரேக்கக் குயவன்ர ஜாடிப்படம் கரிக்கட்டி மாதிரிக் கிடக்கும், நடுவில மை பிடிக்காத ஒரு வெள்ளைப் பொட்டு வேற, ஸ்டென்சில் பிழையாக்கும் எண்டு நான் பேனையால கறுப்படிச்சு நிரப்பிப்போட்டன். ஜாடியில படம் கீற கருவுருவம், செவ்வுருவம் எண்டு ரெண்டு முறை, முதலாவதில உருவம் கறுப்பு, மற்றதில சிவப்பு, ரெண்டாவது கி.மு. 530 அளவில ஏதென்ஸில வந்தது எண்டு பாடமாக்கினம், ஆனா எங்கட பேப்பரில சிவப்பே இல்லை!

சோதினையில "கறுப்புப் பெயின்ற் பூசினார்கள்" எண்டு எழுதினன். "பெயின்ற் எங்க வாங்கினவை, உன்ர கொப்பற்ற கடையிலயோ?" எண்டார் மாஸ்டர். அப்பாவுக்கு உண்மையாவே ஹார்ட்வெயார் கடைதான், வகுப்பே சிரிச்சுது.

பிறகு விளங்கப்படுத்தினார். பானையும் கறுப்பும் ஒரே மண். இரும்புச்சத்துள்ள களியைத் தண்ணியில கரைச்சு அடையவிட்டு, மேல நிக்கிற மெல்லிய குழம்பைப் பூசுறது. சூளைக்குள்ள முதல் காத்து விட எல்லாம் சிவக்கும், பிறகு காத்தை அடைச்சுப் பச்சை விறகு போட்டு 900 பாகைக்கு மேல ஏத்த முழுப்பானையும் கறுக்கும், பூசின இடம் மட்டும் கண்ணாடி மாதிரி இறுகிடும், கடைசியாத் திரும்பக் காத்து விட பூசாத இடம் சிவப்பாகும், இறுகின இடத்துக்குள்ள காத்துப் போகாது, கறுப்பாவே நிக்கும். எல்லாம் ஒரே எரிப்பில, பிழைச்சா முழுச்சூளையும் போச்சு.

கருவுருவத்தில உருவத்தைப் பூசிப்போட்டு ஊசியால கோடு சுரண்டுறது. செவ்வுருவத்தில சுத்திவரப் பூசி உருவத்தை வெறும் மண்ணா விட்டு, உள்கோட்டைத் தூரிகையால இழுக்கிறது, அதால உடம்பு திரும்புறது மடியிறது எல்லாம் காட்டலாம். யூத்திமிடீஸ் எண்ட செவ்வுருவ ஓவியர் ஒரு ஜாடியில, தன்ர போட்டிக்காரனைக் குத்தி "யூப்ரோனியோஸால ஒருநாளும் ஏலாத மாதிரி" எண்டு எழுதி வைச்சவராம், எங்கட பெடியளின்ர பிக் மாட்ச் நக்கல் தோத்துப்போம்.

லண்டன் வந்து கனகாலத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் மியூசியத்தில அதே ஜாடியைக் கண்டன். கிரேக்க வீரன் அக்கிலீஸ் அமேசன் ராணி பென்தெசிலியாவை ஈட்டியால குத்துறான், விழுறவளின்ர கண்ணும் அவன்ர கண்ணும் முட்டுது, பக்கத்தில "எக்சேக்கியாஸ் செய்தான்" எண்ட எழுத்து. பொம்பிளையளின்ர தோலுக்கு மட்டும் அந்தக் காலத்தில வெள்ளை தனியாப் பூசுவினமாம். நான் பேனையால நிரப்பினது பென்தெசிலியாவின்ர முகம்.