மூணு நூல் கம்மி

காரைக்குடியில் பிளக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறேன். பகலில் காதணி விழா, புதுமனைப் புகுவிழா, கண்ணீர் அஞ்சலி. ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கார்ட்டூன் போடுவேன். "ஐடியா எல்லாம் எங்கேருந்து வருது?" என்று கேட்கிறார்கள். வாசல் வழியாகத்தான் வருகிறது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்து, "தம்பி, போட்டோ வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேன், பாத்தீங்களா?" என்கிறது.

காதணி விழா பேனர் எப்படித் தயாராகிறது என்று யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நடுவில் குழந்தை. ஒரு பக்கம் தாய்மாமன், இன்னொரு பக்கம் பெரியப்பா. கீழே வட்டத்துக்குள் வரிசையாகத் தலைகள். குழந்தையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். பேச்செல்லாம் தலை சைஸைப் பற்றித்தான்.

அப்படித்தான் ஒரு தாய்மாமன் வந்தார். நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு, ஸ்கிரீனில் தன் தலையையும் பெரியப்பா தலையையும் மாறி மாறிப் பார்த்தார். மேசையில் கிடந்த ஸ்கேலை எடுத்தார். மானிட்டர் மேலேயே வைத்து அளந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடி அளந்தார்.

"மூணு நூல் கம்மியா இருக்கே தம்பி. சீரெல்லாம் யாரு செய்யிறது?"

நூல் என்பது ஆசாரிமார் கணக்கு, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. கூட்டிக் கொடுத்தேன். மாதிரிப் படம் வாட்ஸ்அப்பில் போனது. சாயங்காலமே பெரியப்பா வீட்டிலிருந்து போன். அவரையும் கூட்டினேன். இவர் விடுவாரா? இப்படி இரண்டு தலையும் போட்டி போட்டு வளர்ந்ததில், நடுவில் இருந்த பிள்ளை நசுங்கிப்போய், கடைசியாக ஓகே ஆன டிசைனில் அதன் இரண்டு காதும் மறைந்துவிட்டன. காதணி விழா பேனர் அது. யாரும் கவனிக்கவில்லை.

இதில் எதை வரைவது என்பதுதான் வேலையே. போன், பெரியப்பா, மறைந்துபோன காது எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் அடைத்தால் ஒன்றும் நிற்காது. காதை விட மனசே வரவில்லை. ஆனாலும் விட்டேன். ஸ்கேலை மட்டும் வைத்துக்கொண்டேன். மானிட்டரில் தன் தலையைத் தானே அளக்கும் ஒரு மனிதர், அடியில் "மூணு நூல் கம்மியா இருக்கே". அவ்வளவுதான்.

கார்ட்டூன் என்றால் மூக்கை நீட்டி, தொப்பையைப் பெருசாக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்த மாமா சிரிக்கவில்லை, விளையாடவும் இல்லை. ஆசாரி சட்டத்தை அளக்கிற சிரத்தையோடு அளந்தார். அந்தச் சிரத்தைதான் ஜோக். கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே.லக்ஷ்மண் 1951-லிருந்து வரைந்த 'பொதுஜனம்' என்கிற ஆளைப் பாருங்கள். கட்டம் போட்ட கோட்டும் வேட்டியுமாக ஓரத்தில் நிற்பார், வாயே திறக்க மாட்டார். அவர் ஒரே ஒரு கமெண்ட் அடித்திருந்தால் போதும், எல்லாம் போயிருக்கும். நம் கோபுலு வார்த்தையே இல்லாமல் விகடனில் ஜோக் போட்டவர். (இரண்டு பேரும் 2015-இல் போய்ச் சேர்ந்தார்கள். அந்த வருஷம் எனக்குப் பிடிக்காது.)

காதில் விழுந்ததை உடனே பில் புக்கின் பின்பக்கம் எழுதிவிடுவேன். படம் அப்புறம். முகத்தை எப்படியும் மாற்றித்தான் போடப்போகிறேன், நாளைக்கு இதே ஊரில் நடமாட வேண்டுமே. பேச்சு மட்டும் மாறக் கூடாது. "மூன்று நூல் குறைவாக இருக்கிறது" என்று எழுதிப் பாருங்கள், செத்துவிடும்.

எழுதி வைத்தும் வரைய முடியாதவை உண்டு. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் இருக்கின்றன. பிரித்த வீடுகளின் தேக்குத் தூண், நிலைக்கதவு, எனாமல் தூக்கு எல்லாம் தெருவரைக்கும் அடுக்கியிருக்கும். சென்னையிலிருந்து வந்த ஒருவர் பித்தளை அண்டாவைத் திருப்பிப் பார்த்து, அதில் வெட்டியிருந்த இனிஷியலைப் படித்துவிட்டுச் சத்தம் போட்டார்:

"ஏங்க, இது எங்க அப்பத்தா சாமான்!"

கடைக்காரர் துணியால் அடுத்த பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தெரியும்ணே. ஒங்க சித்தப்பாதான் போட்டுட்டுப் போனாரு. ஒங்களுக்குன்னா ஐநூறு கொறச்சுக்கலாம்."

செட்டிநாட்டுக்காரர்களிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். வெளியூர்க்காரர்களுக்கு முதலில் பாத்திரத்தில் ஏன் எழுத்து வெட்டுகிறார்கள், ஒரு வீட்டுக்கு எத்தனை பங்காளிகள், சாமானைப் பங்கு பிரிப்பது எப்படி என்று பாடம் நடத்த வேண்டும். அதற்குள் சிரிப்பு ஆறிவிடும். அது எங்கள் ஊருக்குள்ளேயே இருக்கட்டும்.

இன்னொரு வகையும் இருக்கிறது. கண்ணீர் அஞ்சலிக்கு வயதான ஆச்சியின் படத்தைக் கொண்டு வருவார்கள். தனிப்படம் ஒன்றுகூட இருக்காது. கல்யாண வீட்டு குரூப் போட்டோவிலிருந்துதான் வெட்ட வேண்டும். வெட்டினால் தோளில் யாருடைய கையோ ஒட்டிக்கொண்டு வரும். "யார் கைங்க இது?" என்று ஒருமுறை கேட்டேன். அழுது வீங்கிய முகத்தோடு நின்றவர்கள் எல்லாரும் ஸ்கிரீனுக்குள் தலையை விட்டார்கள். மோதிரத்தை வைத்துத் தேவகோட்டைச் சித்தி என்றார் ஒருவர். சித்திக்கு ஏது மோதிரம், அவள்தான் அடகு வைத்துவிட்டாளே என்றார் இன்னொருவர். அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். அதை நான் வரைய மாட்டேன். அந்தச் சிரிப்பு அவர்கள் வீட்டுச் சொத்து.

இப்போது கையில் இருப்பது பாரதியார். 1919-இல் அவர் காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்கு வந்தபோது எடுத்த படம் இருக்கிறதே, கையில் கம்போடு, முறைத்துப் பார்ப்பாரே, அதைத்தான் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா பேனருக்குப் போட்டேன். ஆர்டர் கொடுத்த சார் ரொம்ப நேரம் பார்த்தார்.

"கொஞ்சம் சிரிச்ச மாதிரி வேற படம் இல்லையா? கம்பை எடுத்துட்டுப் புத்தகம் வச்சிருங்க. சின்னப் பிள்ளைங்க பயப்படும்."

1906-இல் தொடங்கிய 'இந்தியா' பத்திரிகையில் கருத்துப்படம் போட்டு வெள்ளைக்காரனைக் கிண்டலடித்தவரைத்தான் கொஞ்சம் சிரிக்கச் சொல்கிறார். பில் புக்கில் எழுதிவிட்டேன். கேட்டவரை வரைவதா, கேட்டதும் பாரதி அவரைப் பார்த்த பார்வையை வரைவதா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.