டெல்டா மண்ணுக்குள் கிடக்கும் கிரேக்கம்

வரைபடத்தில் கல்லணைமேல் விரலை வையுங்கள். கொள்ளிடத்தை ஒட்டியே பழையாறுக்கு ஒரு கோடு, கோடிக்கரைக்கு இன்னொரு கோடு. மூன்றாவது பக்கம் கடல். கிரேக்கத்தின் நான்காம் எழுத்தான டெல்டா இந்த முக்கோண வடிவந்தான். நைல் கழிமுகத்துக்கு வைத்த பெயர். அங்கே எழுத்து தலைகீழாக நிற்கும், நம்மிடத்தில் மேற்கே தலைவைத்துப் படுத்திருக்கிறது.

கிரேக்கத்தில் ‘கே’ என்றால் நிலம். அதோடு ‘லோகோஸ்’ (சொல், நியாயம்) சேர்ந்தால் ஜியாலஜி. ‘மெட்ரான்’ (அளவை) சேர்ந்தால் ஜியாமெட்ரி. நைல் வெள்ளம் அரித்துப்போன வயலை வரிக்காக மறுபடி அளந்ததில் பிறந்த கலை இது என்கிறார் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். ‘எர்கான்’ (வேலை) சேர்ந்தால் ‘கெயோர்கோஸ்’, அதாவது உழவர். ஜார்ஜ் என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான், ஆகவே வேளாங்கண்ணிப் பக்கத்து ஜார்ஜ்கள் எல்லாரும் பெயரளவிலாவது சம்சாரிகள். (நம் அரிசிதான் கிரேக்கத்தில் ‘ஒரைசா’ ஆனது என்று யாரும் கிளம்ப வேண்டாம், அது தீராத வழக்கு.)

மண்ணியலுக்குப் பெடாலஜி என்று பெயர். ‘பெடான்’ என்றால் தரை. குழந்தை மருத்துவமான பீடியாட்ரிக்ஸில் இருப்பது ‘பைஸ்’, குழந்தை. ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒன்றுபோலத் தெரிவதால் இரண்டையும் ஒரே வேர் என்று குழப்பிக்கொள்கிறோம்.

எனக்குப் பிடித்தது ஹொரைசன், அதாவது தொடுவானம். ‘ஹோரோஸ்’ என்றால் எல்லை, எல்லைக்கல். மண் குழி வெட்டினால் மேலிருந்து கீழாக ஏ, பி, சி என்று குறிக்கும் படிவங்களுக்கும் அதே பெயர்தான். இங்கேதான் டெல்டாவில் தப்பு நடக்கும். குழிச்சுவரில் களிக்கு நடுவே மணல் பட்டை தெரிந்தால் உடனே ஹொரைசன் என்று எழுதிவிடுகிறார்கள். அது ஏதோ ஒரு வெள்ளம் கொண்டுவந்து போட்ட வண்டல் அடுக்கு. ஹொரைசன் என்பது கிடந்த இடத்திலேயே நீரும் வேரும் காலமும் சேர்ந்து மண்ணை மாற்றியதால் உண்டாவது. ஆற்றங்கரைப் படுகையில் வண்டல் புதிது என்பதால், பி படிவம் தேறாமலே போகலாம்.

ஜிப்சமும் கிரேக்கந்தான்: ‘கிப்சோஸ்’. உர மூட்டையில் வாங்குகிறோம். களர் நிலத்தில் களியைப் பிடித்திருக்கும் சோடியத்தைத் தள்ளிவிட்டு, ஜிப்சத்திலுள்ள கால்சியம் அந்த இடத்தில் உட்காரும். வெளியேறிய சோடியம் சல்பேட் நீரில் கரைந்து நிற்கும். அதனால் ஜிப்சத்தைச் சீராகத் தூவி, சேறு கலக்கி, நீர் தேக்கி, ஒரு நாள் கழித்து வடிக்க வேண்டும். வடிகால் இல்லாத வயலில் போட்டால் உப்பு அங்கேயே கிடக்கும், பணமும் போகும். கடலோரத்து உவர் நிலம் வேறு கதை: அங்கே பெரும்பாலும் நல்ல தண்ணீர் விட்டு அலசி வடித்தாலே போதும், ஜிப்சம் வேண்டாம். எது களர், எது உவர் என்பதை மண் பரிசோதனை சொல்லும், பி.எச். (அமில-கார அளவு) 8.5-ஐத் தாண்டினால் களரைச் சந்தேகியுங்கள்.