பிக்கடில்லி லைனில் மூன்று பித்து

ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து லண்டனுக்குள் போகும் பிக்கடில்லி லைன் என்ற ரயில் பாதை எனக்காகவே போட்டதோ என்று தோன்றும். டிவி தொடர், தொல்பொருள், ஆங்கில இலக்கணம் என்று என் மூன்று பித்துக்கும் அந்த ஒரே ரயிலில் தீனி இருக்கிறது.

ஹேமர்ஸ்மித் தாண்டினால் பாரன்ஸ் கோர்ட், அதற்கடுத்து ஏர்ல்ஸ் கோர்ட். பெயர்ப்பலகைகளைக் கவனியுங்கள். ஏர்ல்ஸில் (Earl's) 'எஸ்'ஸுக்கு முன்னால் அப்பாஸ்ட்ரஃபி என்ற மேற்குறி உண்டு, பாரன்ஸில் (Barons) கிடையாது. ஏர்ல், பாரன் இரண்டும் பிரபுப் பட்டங்கள். முன்னதில் ஒரு ஏர்லுக்கு உரியது என்பது தெளிவு. பின்னதில் ஒரு பாரனா, பல பாரன்களா, அவர்களுக்கு உரியதா இல்லையா, எதுவும் பலகையிலிருந்து தெரியாது. அந்தச் சின்னக் குறியின் வேலையைப் புரியவைக்க இந்த இரண்டு பலகைகளே போதும் என்பேன்.

ஏர்ல்ஸ் கோர்ட்டில் இறங்கி ஏர்ல்ஸ் கோர்ட் சாலைக்கு வந்தால், வாசலிலேயே நீல நிறத்தில் போலீஸ் பெட்டி, அதாவது போலீஸை அழைப்பதற்கான தொலைபேசிக் கூண்டு. 'டாக்டர் ஹூ' டிவி தொடர் பார்ப்பவர்களுக்கு அது டார்டிஸ் என்ற கால இயந்திரம்! 1963 நவம்பர் 23 அன்று தொடங்கிய தொடர் அது. எந்த இடத்தில் இறங்கினாலும் அந்த இடத்துக்கேற்ற உருவம் எடுக்க வேண்டிய அந்த இயந்திரம், பழுதாகி லண்டன் போலீஸ் பெட்டி உருவத்திலேயே நின்றுவிட்டது என்பது கதை. இந்தப் பெட்டி 1996-ல் வைத்தது, தொடருக்காக அல்ல. இருந்தாலும் ரசிகர்கள் வரிசையில் நின்று படம் எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன், கதவைத் தொட்டும் பார்த்தேன். உடம்பு சிலிர்த்தது.

அப்புறம் அதே லைனில் ஹோபர்ன். அங்கிருந்து நடந்தால் பிரிட்டிஷ் மியூசியம். அனுமதி இலவசம். 4-ஆம் அறையில் ரொசெட்டா கல். கி.மு. 196-ல் எகிப்திய அரசன் ஐந்தாம் டாலமிக்காக அங்குள்ள பூசாரிகள் வெளியிட்ட ஆணை, எகிப்தியச் சித்திர எழுத்திலும் டெமோட்டிக் என்ற அன்றாட எகிப்திய எழுத்திலும் கிரேக்கத்திலும் செதுக்கியது. சித்திர எழுத்தில் அரசன் பெயரைச் சுற்றி நீள்வட்ட வளையம் இருக்கும். அந்த வளையங்களைப் பிடித்துக்கொண்டுதான் ஆங்கிலேய அறிஞர் தாமஸ் யங் சில ஒலிகளைக் கண்டுபிடித்தார். 1822-ல் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் அந்த எழுத்துமுறையையே விளக்கிவிட்டார். இங்கேயும் ஒரு சின்னக் குறிதான் வழி திறந்திருக்கிறது.

எல்லோரும் கல்லின் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பக்கவாட்டுக்கு வாருங்கள். அங்கே வெள்ளை வண்ணத்தில் ஆங்கிலம் எழுதியிருக்கிறது. ஒரு பக்கம், 1801-ல் எகிப்தில் பிரிட்டிஷ் படையால் கைப்பற்றப்பட்டது என்று. மறுபக்கம், மூன்றாம் ஜார்ஜ் மன்னரால் வழங்கப்பட்டது என்று. இரண்டும் செயப்பாட்டு வினை, இரண்டிலும் எழுவாய் இல்லை. யாரிடமிருந்து கைப்பற்றினார்கள் என்பதும் இல்லை. 1799-ல் அதைக் கண்டெடுத்தது நெப்போலியனின் படை. அவர்களிடமிருந்து பிரிட்டிஷாருக்குக் கைமாறியது. அது இருந்த மண்ணின் மக்களைக் கேட்டவர் யாருமில்லை. எனக்கு அது உறுத்தியது, இன்னும் உறுத்துகிறது.

போவதானால் வெள்ளிக்கிழமை போங்கள், இரவு 8.30 வரை திறந்திருக்கும். 4-ஆம் அறையில் கண்ணாடிக்கு முன்னால் கூட்டம் நெருக்கும். 1-ஆம் அறையில் கல்லின் நகல் இருக்கிறது, அதைத் தொடலாம். வளையங்களை அங்கே நிதானமாகத் தேடிப் பார்க்கலாம்.