சிறிய குறுக்குவில்: ஒரு வடிவமைப்பு நாட்குறிப்பு

ஜனவரி 6

கையடக்கமான ஒரு குறுக்குவில்லை, அதாவது தண்டின் மேல் குறுக்காகப் பொருத்தி, விசையை அழுத்தி அம்பெய்யும் வில்லை, முழுவதும் தாளிலேயே வடிவமைத்துப் பார்ப்பது என்று தொடங்கியிருக்கிறேன். மொத்த நீளம் 60 செ.மீ.யைத் தாண்டக்கூடாது, 20 கிராம் அம்பு நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் இலக்குப் பலகையை நோக்கிப் புறப்பட வேண்டும் என்பவை மட்டுமே நான் வகுத்துக்கொண்ட நிபந்தனைகள். அந்த அம்பின் இயக்க ஆற்றல் 36 ஜூல். வில்லில் சேமித்த ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அம்புக்குப் போய்ச்சேரும் என்று கொண்டால், வில் 55 ஜூலைச் சேமிக்க வேண்டும்.

குறுக்குவில் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, நாணை இழுக்கத் தேவைப்படும் இழுவிசையைத்தான். ஆனால் வில்லில் சேமிக்கப்படும் ஆற்றல் என்பது விசைக்கும் நாண் நகரும் தூரத்திற்கும் இடையே வரையும் கோட்டின் கீழுள்ள பரப்பு. விசை சீராக ஏறும் எளிய வில்லில் அது ஒரு முக்கோணம். உச்ச விசையை இழுப்பு நீளத்தால், அதாவது நாண் பின்னுக்கு நகரும் மொத்தத் தூரத்தால், பெருக்கி இரண்டால் வகுத்தால் விடை வந்துவிடும். இழுப்பு நீளம் 10 செ.மீ. என்றால் 55 ஜூலுக்கு 1,100 நியூட்டன் விசை தேவை. அது ஏறத்தாழ 112 கிலோ எடையைத் தூக்குவதற்குச் சமம். அதையே 25 செ.மீ. ஆக்கினால் 440 நியூட்டன், அதாவது 45 கிலோ அளவு, போதும். சிறிய குறுக்குவில்லின் முழுச் சிக்கலும் இந்த ஒரு கணக்கில் அடங்கியிருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது: குறுகிய உடலுக்குள் நீண்ட இழுப்பை எங்கே கண்டெடுப்பது?

ஜனவரி 9

குறுகிய இழுப்பு, பெரும் விசை என்ற வழியில் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு ஐரோப்பாவின் எஃகுக் குறுக்குவில்லே சான்று. இங்கிலாந்தைச் சேர்ந்த ரால்ஃப் பெய்ன்-கால்வே, 15ஆம் நூற்றாண்டுப் போர்க் குறுக்குவில் ஒன்றைக் கொண்டு மெனாய் நீரிணைக்குக் குறுக்கே 460 கஜம் அம்பெய்த செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். அதன் இழுவிசை 1,200 பவுண்டு, இழுப்பு நீளம் 7 அங்குலம், அம்பின் எடை 3 அவுன்ஸ், அதாவது 85 கிராம். முக்கோணக் கணக்குப்படி அந்த வில் சேமித்தது சுமார் 475 ஜூல். காற்றுத்தடையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 421 மீட்டர் தொலைவுக்கு நொடிக்கு 64 மீட்டர் வேகம் வேண்டும்; அப்போது அம்பிடம் இருப்பது 174 ஜூல். காற்றையும் சேர்த்தால் உண்மையான வேகம் இதைவிடக் கூடுதலாகத்தான் இருந்திருக்கும். அப்படிப் பார்த்தாலும் சேமித்த ஆற்றலில் பாதியளவை அம்பு பெற்றிருந்தால் அதுவே பெரிது. மிச்சமெல்லாம் எங்கே போயிற்று என்பதுதான் அடுத்த கேள்வி.

ஜனவரி 10

மிச்சம் வில்லிலேயே தங்கிவிட்டது. நாணை விடுவிக்கும்போது அம்பு மட்டும் வேகம் பெறுவதில்லை. வில்லின் இரு கைகளும், அதாவது வளையும் இரு பாதிகளும், நாணும் சேர்ந்தே வேகம் பெறுகின்றன. வில்லியல் ஆய்வாளர் பால் குளோப்ஸ்டெக் இதை எளிமையாகக் கணக்கிட ஒரு வழி தந்தார். வில்லுக்கு ஒரு தோற்ற நிறை உண்டு என்றும், அது அம்போடு சேர்ந்து அம்பின் வேகத்திலேயே ஓடுவதாகவும் எண்ணிக்கொள்ள வேண்டும். அப்படியெனில் அம்பின் நிறையை, அம்பு நிறையும் தோற்ற நிறையும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால் வினைத்திறன், அதாவது சேமித்த ஆற்றலில் அம்புக்குச் சேரும் பங்கு, கிடைக்கும். தோற்ற நிறை 10 கிராம் உள்ள வில் 20 கிராம் அம்புக்கு 67 விழுக்காடு தரும். தோற்ற நிறை 60 கிராம் என்றால் அதே அம்புக்கு 25 விழுக்காடுதான். ஆனால் 85 கிராம் அம்பை வைத்தால் 59 விழுக்காட்டுக்கு ஏறிவிடும். பழைய எஃகு விற்களுக்குத் தடித்த, கனமான அம்புகள் செய்யப்பட்டதில் இவ்வளவு தெளிவான காரணம் இருந்திருக்கிறது.

வில் என்ற அமைப்பின் அழகு இந்த இடத்தில்தான் இருக்கிறது. நாண் முழுதும் இழுபட்ட நிலையில் அதன் இரு பாதிகளும் கூர்கோணத்தில் நிற்கின்றன. முன்னோக்கி ஓடி, ஏறத்தாழ நேர்கோடாகும் கடைசிக் கணத்தில், கைகளின் நுனிகள் சற்றே நகர்ந்தாலும் நாணின் நடுப்பகுதி வெகுவாக நகர்கிறது. அதாவது அம்பு உச்ச வேகத்தை எட்டும்போது கைகளின் வேகம் தணிந்து, அவை பெற்றிருந்த இயக்க ஆற்றலும் நாண் வழியே அம்புக்கு மாறுகிறது. கவணில் ரப்பர் தன் வேகத்தையும் சுமந்துகொண்டு அம்போடு சேர்ந்து ஓடுகிறது. வில்லோ தன்னை நிறுத்திக்கொண்டு கொடுத்துவிடுகிறது.

ஜனவரி 14

வில்கைகளுக்கான பொருளை முடிவு செய்தேன். ஒரு கிலோ பொருள் எவ்வளவு மீள்ஆற்றலைத் தாங்கும் என்பது, தாங்கும் தகைவின் (ஓர் அலகு பரப்பின் மேல் உள்ள விசையின்) இருமடியை, யங் குணகத்தையும் (பொருளின் விறைப்பைக் காட்டும் எண்) அடர்த்தியையும் பெருக்கி வரும் தொகையின் இரண்டு மடங்கால் வகுத்தால் வரும். வில்எஃகுக்கு 1,400 மெகாபாஸ்கல் தகைவு, 210 கிகாபாஸ்கல் குணகம் என்று கொண்டால் கிலோவுக்கு சுமார் 590 ஜூல். ஒரே திசையில் இழைகள் ஓடும் கண்ணாடியிழைக் கலவைக்கு 900 மெகாபாஸ்கல், 40 கிகாபாஸ்கல் என்று கொண்டால் சுமார் 5,200 ஜூல். எட்டரை மடங்குக்கும் மேலான வேறுபாடு இது.

ஆனால் வளைந்த பட்டையில் மேற்பரப்புகள் மட்டுமே முழுத் தகைவைத் தாங்குகின்றன. நடு அடுக்கு சும்மா கிடக்கிறது. செவ்வக வெட்டுமுகம் கொண்ட கையில் இந்த ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குதான் பயன்படும். ஆயிரக்கணக்கான முறை வளைந்து மீள வேண்டும் என்பதால் தகைவைப் பாதியாகக் குறைத்தால் ஆற்றல் கால்பங்காகிறது. இவ்வளவும் கழித்த பின், 55 ஜூலுக்குக் கண்ணாடியிழையில் சுமார் 130 கிராமும் எஃகில் 1.1 கிலோவும் தேவைப்படுகின்றன. கைகளின் எடை தோற்ற நிறையைக் கூட்டும் என்பதால் எஃகு இரண்டு முறை தோற்கிறது.

வளைவிலும் இதே கதைதான். மேற்பரப்பு எவ்வளவு நீள்கிறது என்பதைக் காட்டும் திரிபு என்பது பட்டையின் தடிமனை வளைவு ஆரத்தின் இரண்டு மடங்கால் வகுத்த விகிதம். 6 மி.மீ. தடிமனுள்ள கண்ணாடியிழைப் பட்டையைப் பாதித் தகைவில் 27 செ.மீ. ஆரத்துக்கு வளைக்கலாம், அதே தடிமனுள்ள எஃகை 90 செ.மீ. ஆரத்துக்குக் குறைவாக வளைக்க முடியாது. தடித்த எஃகு வில்லின் இழுப்பு ஏன் 7 அங்குலத்திலேயே நின்றது என்பதற்கு விடை இந்த எண்ணில் இருக்கிறது.

கையின் அகலத்தை நுனியை நோக்கிக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். அப்போதுதான் நீளம் முழுவதும் தகைவு சமமாகப் பரவும். நுனி இலேசாகவும் அமையும்.

ஜனவரி 19

இன்று அகலத்தோடு மல்லுக்கட்டினேன். சாதாரணக் கைகளோடு வில்லின் அகலம் 50 செ.மீ. என்றால் நாணின் அரைநீளம் 25 செ.மீ.க்குள் அடங்கிவிடும். அந்த நாணை 25 செ.மீ. இழுக்க வேண்டுமானால் கைகளின் நுனிகள் பெருமளவு பின்னுக்கும் உட்புறத்துக்கும் வந்தாக வேண்டும். இழுப்பின் கடைசிப் பகுதியில் நாணின் இரு பாதிகளும் ஏறத்தாழ இணையாகி, விசை செங்குத்தாக ஏறும். அந்தக் கடைசிச் சில சென்டிமீட்டர்களில் விசை கூடுகிறதே தவிர, அதற்கேற்ற ஆற்றல் கூடுவதில்லை.

இதற்கான தீர்வை அமெரிக்காவின் மிசௌரியைச் சேர்ந்த ஹோலிஸ் வில்பர் ஆலன் 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1969இல் அது வழங்கப்பட்டது. கைகளின் நுனியில் மையம் விலகிய சக்கரங்களை, அதாவது கேம்களை, பொருத்துவதுதான் அவருடைய வழி. நாண் வெளிப்பள்ளத்திலிருந்து அவிழும்போது, எதிர்க்கையோடு இணைந்த வடம் உட்பள்ளத்தில் சுற்றிக்கொள்கிறது. நாணின் ஒரு பகுதி கேமிலேயே சுற்றிக் கிடப்பதால், இழுப்பு நீளம் இனி வில்லின் அகலத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. உட்பள்ளத்தின் வடிவத்தை மாற்றினால் முக்கோணத்தின் தோள்பட்டை உயர்ந்து, உச்ச விசை மாறாமலே பரப்பு கூடும். உச்ச விசையையும் இழுப்பையும் பெருக்கிய செவ்வகத்தில் முக்கால் பங்கை நிரப்புவதை என் இலக்காக வைத்திருக்கிறேன். அப்படியானால் 25 செ.மீ. இழுப்புக்கு 440க்குப் பதில் 293 நியூட்டன் போதும்.

இதற்கு விலை உண்டு. கையின் நுனி 5 செ.மீ. மட்டுமே நகரும் என்றால், ஒவ்வொரு கையும் 27.5 ஜூலை அந்த 5 செ.மீ.க்குள் தர வேண்டும். சராசரி விசை 550 நியூட்டன். ஆகவே கைகள் குட்டையாகவும் விறைப்பாகவும், தொடக்கத்திலேயே அழுத்தம் ஏற்றப்பட்டும் இருக்க வேண்டும். அச்சுகளும் அவற்றின் தாங்கிகளும் அந்தச் சுமையை எப்போதும் சுமக்கின்றன. இரு கேம்களும் ஒரே கணத்தில் சுழலாவிட்டால் நாண் சாய்ந்து அம்பைப் பக்கவாட்டில் தள்ளும்.

ஜனவரி 23

நாணைப் பிடித்து வைத்து விடுவிக்கும் விசைப்பொறிக்கு வந்துவிட்டேன், இந்த முயற்சியில் என்னை மிகவும் ஈர்த்த பகுதி இதுதான். ஐரோப்பியக் குறுக்குவில்லில் மான்கொம்பில் கடைந்த உருளை ஒன்று நாணைப் பிடித்திருக்கும். தண்டின் அடியில் நீண்டு ஓடும் நெம்புகோலை மேலே அழுத்தினால் உருளை விடுபட்டுச் சுழலும். ஒற்றை நெம்புகோல் என்பதால் அது நீளமாக இருந்தாக வேண்டும். உருளையும் தண்டின் நடுப்பகுதிக்கு வந்துவிடுகிறது. இழுப்புக்குக் கிடைத்திருக்கக்கூடிய நீளம் அங்கே வீணாகிறது.

சீனர்களின் வெண்கல விசைப்பொறி வேறு வழியில் சென்றது. சியான் நகருக்கு அருகே 1974இல் கண்டறியப்பட்ட சுடுமண் படையின் குழிகளில் சின் பேரரசுக் காலத்து விசைப்பொறிகள் கிடைத்திருக்கின்றன. மூன்று அசையும் துண்டுகள், அவற்றைக் கோக்கும் ஆணிகள், இவ்வளவுதான். அடுத்து வந்த ஹான் பேரரசின் காலத்தில் இவற்றை ஒரு வெண்கலப் பெட்டிக்குள் அமைத்தார்கள். நாணின் சுமை மரத்தின் மேல் விழாமல் பெட்டியின் மேல் விழுந்தது. துண்டுகள் செங்குத்தாக அடுக்கப்பட்டிருப்பதால் முழுப் பொறியும் தண்டின் பின்முனையிலேயே அமர்கிறது. ஆகவே இழுப்பு நீளம் தண்டின் பெரும்பகுதியையும் பயன்படுத்திக்கொள்கிறது. சிறிய குறுக்குவில்லை வடிவமைக்கும் எவரும் முதலில் படிக்க வேண்டியது இந்தப் பொறியைத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

என் வரைபடத்திலும் இரண்டு படிகள். நாண் கொக்கியை அதன் அச்சிலிருந்து 8 மி.மீ. தொலைவில் அழுத்துகிறது, கொக்கி சுழன்றுவிடாமல் நிறுத்தும் தடுப்பு அதை 24 மி.மீ. தொலைவில் பிடிக்கிறது. 293 நியூட்டன் அங்கே 98 நியூட்டனாகிறது. உராய்வுக் குணகம் 0.15 எனில் தடுப்பை நழுவவிட சுமார் 15 நியூட்டன். விரல் தொடும் இடத்தில் மூன்றுக்கு ஒன்று நெம்புவிகிதம் இருந்தால் 5 நியூட்டன். தடுப்பைத் திருப்பி நிறுத்தும் சுருள்வில்லின் விசையும் அதோடு சேரும். இரண்டும் தொடும் முகம், தடுப்பின் அச்சை மையமாகக் கொண்ட வட்டவில்லாக இருக்க வேண்டும். முகம் சற்று வெளிப்புறம் சாய்ந்தாலும் நாணின் சுமையே தடுப்பைத் தள்ளிவிடும். அதுபோன்ற ஆபத்தான பொறி வேறில்லை.

ஜனவரி 24

கொக்கி பின்முனையிலும் விரல்விசை முன்பக்கத்திலும் இருக்க வேண்டுமானால் இரண்டையும் ஒரு கம்பி இணைக்க வேண்டும். அந்தக் கம்பி தள்ளுவதாக இல்லாமல் இழுப்பதாக இருக்கட்டும். இழுபடும் மெல்லிய கம்பி வளையாது.

ஜனவரி 29

பாதுகாப்பு உறுப்புகளைப் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைக்க முடியாது. அவை கொக்கியின் வடிவத்தையே மாற்றுகின்றன. அம்பு இல்லாமல் நாணை விடுவித்தால் குளோப்ஸ்டெக்கின் கணக்கில் அம்பின் நிறை சுழி. 55 ஜூலும் கைகளுக்கும் நாணுக்கும் கேம்களுக்குமே திரும்புகிறது. கைகள் பிளக்கவும் நாண் அறுந்து முகத்தை நோக்கித் தெறிக்கவும் அது போதும். எனவே அம்பின் பின்முனை தொட்டு விலக்கினால் மட்டுமே வழிவிடும் இரண்டாவது தடுப்பு ஒன்று வேண்டும். நாண் கொக்கியில் ஏறும் அதே அசைவில் காப்புத்தாழ் தானாகவே விழ வேண்டும். அது கையாள்பவரின் நினைவை நம்பியிருக்கக்கூடாது. முன்கையின் விரல்கள் நாணின் பாதைக்குள் எழாதபடி, அம்பு ஓடும் தடத்துக்குக் கீழே இருபுறமும் அகலமான விளிம்பும் தேவை.

பிப்ரவரி 2

நீளத்தைப் பங்கிட்டேன். கைகளைத் தாங்கும் முன்முனைச் சட்டத்துக்கு 6 செ.மீ., சட்டத்திலிருந்து ஓய்வுநிலை நாண் வரை 10, இழுப்பு 25, கொக்கியிலிருந்து தோள்முனை வரை 19. மொத்தம் 60. இதில் வெறுமனே கிடப்பது அந்த 10 செ.மீ.தான். கைகளைத் திருப்பி, நுனிகள் முன்னோக்கி நிற்குமாறு, சட்டத்தைத் தண்டின் நடுவே தடத்துக்குக் கீழாக அமைத்தால், நாண் முன்முனைக்கு அருகிலிருந்தே புறப்பட்டுச் சட்டத்தின் மேலாகக் கடந்து பின்னே வரும். இழுப்பு 35 செ.மீ. ஆகிறது, முக்கால் பங்கு நிரம்பும் கேம்களோடு உச்ச விசை 210 நியூட்டனாக இறங்குகிறது. கனமான சட்டம் உடலை நோக்கி நகர்வதால், ஏந்தி நிற்கும்போது முன்முனை கீழே சாய்வதும் குறையும். நாணைப் பூட்ட, இரு கொக்கிகளில் உருளை கோத்த கயிறு போதும். ஒவ்வோர் உருளையும் நகரும் கப்பியாக வேலை செய்து 210ஐ 105 ஆக்கும், கயிற்றை மட்டும் இரண்டு மடங்கு தூரம் இழுக்க வேண்டும். பழைய எஃகு விற்களுக்குத் தேவைப்பட்ட பல்சக்கர இழுவைப்பொறிகள் எதுவும் இதற்கு வேண்டியதில்லை.

நீண்ட இழுப்பு நாணைத் தடத்தின் மேல் நீண்ட தூரம் தேய்க்கும் என்பது மட்டும் மீதமிருக்கிறது. கேம்களின் அச்சுமட்டத்தைத் தடத்தின் மேற்பரப்போடு ஒரே தளத்தில் வைத்தால் நாண் கீழ்நோக்கி அழுத்தாது. சற்றே கீழே வைத்தால் நாண் அம்பின் மேலாக ஏறிவிடாமல் அமரும், ஆனால் உராயும். அந்தச் சாய்வை ஒன்று அல்லது இரண்டு பாகைக்குள் நிறுத்தி, நாணின் நடுப்பகுதிக்கு இறுக்கமான நூற்சுற்றும் மெழுகும் கொடுப்பதாக வரைபடத்தில் குறித்திருக்கிறேன். அடுத்து கேமின் உட்பள்ள வளைவைப் புள்ளி புள்ளியாகக் கணக்கிட வேண்டும்.